காட்டுத்தீ சென்சார்: 99.9 சதவீதம் போதுமா?

காட்டுத்தீயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சென்சார்களைப் பற்றிப் படித்தால் "99.9 சதவீதம் துல்லியம்" மாதிரி எண்கள் அடிக்கடி கண்ணில் படும். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு காட்டில் 1,000 சென்சார். ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை காற்றைச் சோதித்து, புகை உண்டா இல்லையா என்று சொல்கிறது. நாளைக்கு 1,44,000 பதில்கள். ஆயிரத்தில் ஒன்று தப்பு என்றாலே, தீயே இல்லாத நாளிலும் 144 பொய் எச்சரிக்கை! மூன்றாம் நாளே வனக்காப்பாளர் ஃபோனை சைலண்ட்டில் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சரி, பொய் எச்சரிக்கையைக் குறைக்க, புகை அடர்த்தியானால் மட்டும் கத்து என்று மாற்றலாம். அதற்குள் தீ வளர்ந்திருக்கும். அப்புறம் "முன்கூட்டியே" எங்கே போச்சு? காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் பக்கத்தில் எரிகிற தீயின் புகைகூட சென்சாருக்கு வந்து சேராது.

செயற்கைக்கோள் இருக்கே என்பீர்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வைத்துத்தான் வனத்துறைக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. ஆனால் 375 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும் வீர்ஸ் கருவி நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணி, இரவு ஒன்றரை மணியை ஒட்டித்தான். பிற்பகல் 3 மணிக்குப் பிடித்த தீ அதன் கண்ணில் பட நள்ளிரவு தாண்ட வேண்டும். இன்சாட்-3டி வகைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒருமுறை படம் எடுக்கும். ஆனால் அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர் அகலம். சின்னத் தீ அதில் கரைந்துபோகும்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அங்கே கணக்கு மணிகளில் இல்லை, நிமிடங்களில்.

அதனால் சென்சார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும்முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். நாளைக்கு எத்தனை பொய் எச்சரிக்கை வரும்? தீப்பற்றி எத்தனை நிமிடத்தில் தகவல் வரும்? தகவல் வந்ததும் அந்தச் சரிவுக்கு யார், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் விற்பவரிடம் இருக்காது. கோடைக்கு முன்பே வெட்டிய தீத்தடுப்புக் கோட்டிலும், காட்டுக்குள் நடக்கிற ஆட்களின் எண்ணிக்கையிலும்தான் அது இருக்கிறது.