எயிற்பட்டினத்தில் நூடுல்ஸ்

தமிழில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒரு கட்சிக்குப் பாட்டியின் கைமணத்தோடு உலகம் முடிந்துவிட்டது. நூடுல்ஸ் என்றாலே மைதா, அஜினமோட்டோ, பண்பாட்டுச் சீரழிவு என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொரு கட்சி கேமராவோடு கிளம்புகிறது. அவர்களுக்கு வாயில் வைத்ததெல்லாம் 'வேற லெவல்'. முதல் கட்சி சாப்பிடாமலே தீர்ப்புச் சொல்கிறது. இரண்டாவது கட்சி சாப்பிட்ட பிறகும் தீர்ப்புச் சொல்வதில்லை. நடுவில் விமர்சனம் என்ற ஒன்று காணாமல் போய்விட்டது.

ஒரு காலத்தில் இருந்ததால்தான் காணாமல் போனது என்கிறேன். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்று வரும் பாணன், எதிரே வருகிற வறிய பாணனுக்கு வழி சொல்கிறான். வழி என்றால் வெறும் திசை இல்லை, எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என்பதும் சேர்த்துத்தான். கடற்கரை எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட குழல்மீனும். வேலூரில் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். கடைசியில் அரண்மனை. அங்கே பீமனின் மடைநூலில் பிசகாமல் சமைத்த உணவு, பொற்கலத்தில். அரண்மனை விருந்து காத்திருக்கிறது என்பதற்காக வழியில் கிடைக்கும் சுட்ட மீனை அவன் மட்டமாகப் பேசுவதில்லை. உண்டவன் பசித்தவனுக்குச் சொல்கிறான், அவ்வளவுதான். உணவு விமர்சனத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இலக்கணம் இல்லை.

அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். பாத்தி பாத்தியாக உப்பளம், கீற்றுப் போர்த்திய உப்புக் குவியல்கள், கண் கூசும் வெள்ளை. பொழுது சாய்ந்ததும் சாலையோரம் 'பாஸ்ட் ஃபுட்' தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே நின்று சாப்பிட்டிருக்கிறேன். சுட்ட குழல்மீன் இருந்த இடத்தில் இன்று முட்டை நூடுல்ஸ் இருக்கிறது. அது நல்ல நூடுல்ஸா என்பதுதான் என் கேள்வி.

இதற்கு முன்னால் ஒரு பழைய வாதத்தை ஒதுக்க வேண்டியிருக்கிறது. 'இது உண்மையான சைனீஸ் இல்லை' என்பார்கள். இல்லைதான், யார் ஆமென்று சொன்னது? நம் பாக்கெட்டுகளில் 'ஹக்கா' என்று அச்சாகியிருக்கும் பெயர், கல்கத்தாவின் டாங்க்ரா பகுதியில் தோல் பதனிட்டுப் பிழைத்த சீன வம்சாவளியினருடையது. மஞ்சூரியனை 1975இல் பம்பாயில் உருவாக்கியவராகச் சொல்லப்படும் நெல்சன் வாங்கும் கல்கத்தாவில் பிறந்தவர்தான். அங்கிருந்து நம் தள்ளுவண்டிக்கு வந்து சேர்வதற்குள் அது இன்னொரு முறை மாறிவிட்டது. இஞ்சி பூண்டு விழுது சேர்ந்தது. சிக்கன் 65 உதிர்ந்து உள்ளே விழுந்தது. தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயம் வந்தது. இரும்பு வாணலியில் கரண்டி தட்டும் தாளத்தைக் கேட்டால் அதன் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிடும்: கொத்து பரோட்டா. இது நம் ஊர்ச் சாப்பாடு. இதை பெய்ஜிங்கோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது, குஷ்பு இட்லியில் குஷ்பு எங்கே என்று கேட்பதைப் போல.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? உப்பை வைத்து என்பேன். உப்பளத்து ஊர் என்பதால் வசதியாகச் சொல்லவில்லை. மாவு இழையில் தனக்கென்று பெரிய ருசி கிடையாது. உப்பு எந்த இடத்தில், எந்த நேரத்தில் அதனுள் போகிறது என்பதில்தான் சமையற்காரரின் புத்தி இருக்கிறது. இடியப்பத்தை யோசியுங்கள். உப்பு பிசையும் மாவிலேயே போய்விடுகிறது. அதனால்தான் அது தேங்காய்ப்பால் சர்க்கரைக்கும் இணங்கும், ஆட்டுக்கால் பாயாவுக்கும் இணங்கும். இத்தாலியர்கள் பாஸ்தா வேகும் தண்ணீரில் லிட்டருக்குப் பத்து கிராம் அளவில் உப்புப் போடுவதும் இதே விதிப்படிதான். உப்பு இழைக்குள் இருக்க வேண்டும்.

நம் வண்டி நூடுல்ஸ் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். சாயங்காலம் வேகவைக்கும்போது ஒரு கை உப்பு. ராத்திரி வாணலியில் முட்டைகோஸ் விழுந்ததும் இன்னொரு சிட்டிகை. பிறகு சோயா சாஸ், அதன் எடையில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்புத்தான். மேலே அஜினமோட்டோ, அதிலும் சோடியம் உண்டு, உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஒருமுறை போட்டது அடுத்தமுறை போடும்போது நினைவில் இருப்பதில்லை. இரண்டு வாய்க்குப் பிறகு நாக்கு மரத்துப்போகிறது. அதைத்தான் 'காரசாரம்' என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது குறை அவசரத்தில் வருவது. கூட்டம் சேர்ந்தால் ஒரே வாணலியில் ஆறு பிளேட் போடுவார்கள். வாணலியின் சூடு இறங்கிவிடும். கோஸ் வதங்காமல் தண்ணீர் விடும், நூடுல்ஸ் அந்தத் தண்ணீரில் ஊறிக் குழையும். ஒரு பிளேட்டாகப் போட்டால் அதே வண்டியில், அதே கையால் வேறொரு சாப்பாடு கிடைக்கும்: இழை தனித்தனியாக, கோஸ் நறுக்கென்று, ஓரத்தில் லேசாகக் கருகின வாசனையோடு.

சும்மா சொல்லக்கூடாது, இவை இரண்டையும் சரியாகச் செய்கிற ஒரு வண்டி அந்த ஊரில் உண்டு. பேர்ப் பலகை கிடையாது. இருபத்தைந்து வயதுப் பையன். வாணலியில் உப்புப் போடவே இல்லை. "உப்பு மறந்துட்டியா தம்பி?" என்றேன். "சாஸ்லயே இருக்குதுண்ணே. மேல போட்டா கரிச்சிடும்" என்றான். இதைச் சொல்லும்போது வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதே சாலையில், கொஞ்ச தூரம் தள்ளிக் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் உணவகத்தில் பாஸ்தாவும் சாப்பிட்டுப் பார்த்தேன். வெள்ளை சாஸ், மேலே உலர்ந்த இலைத்தூள். வண்டி நூடுல்ஸைப் போல ஐந்து மடங்கு விலை. குழைய வெந்திருந்தது என்று குறை சொல்ல மாட்டேன். சேமியா உப்புமாவில் வளர்ந்த நாக்குக்குக் குழைவு பிடிக்கும், அதில் தப்பில்லை. ஆனால் வேகவைத்த தண்ணீரில் உப்பே போடவில்லை. சாஸ் உப்பு, உள்ளே சப்பென்று மாவு. கடித்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏக்கர் கணக்கில் உப்பு காய்ந்துகொண்டிருந்தது. மடைநூலைப் படிக்காதது பிரச்சினை இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்காமல் தட்டை அனுப்பியதுதான் பிரச்சினை.

வெளியூர் உணவு நம் கரையில் நன்றாக வேர்விட முடியும் என்பதற்கு இருபுறமும் சாட்சி இருக்கிறது. வடக்கே சென்னை பர்மா பஜார் பக்கத்து அத்தோ கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ருசி. அங்கே இழை சப்பென்றுதான் இருக்கும். ஆனால் புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் கடைசி நிமிடத்தில் கையால் பிசையப்படுகின்றன. கைக்கு அளவு தெரியும். தெற்கே புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களின் அடுப்படியில் வியட்நாமிய நெம் பொரிகிறது. அதற்குத் தொட்டுக்கொள்ளும் மீன்சாறு, நெத்திலி மாதிரியான மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தது. மீனும் உப்பும் மரக்காணத்திலும் உண்டு. அவர்கள் சாறாக வடித்தார்கள், நாம் கருவாடாகக் காயவைத்தோம். ஒரு சிட்டிகை கருவாட்டுத் தூள் விழுந்த நூடுல்ஸை எந்த வண்டியாவது போட்டால் முதல் ஆளாக நிற்பேன்.

பாட்டி கட்சிக்காரர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: உடம்புக்கு? கேட்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கை தவறிய ஒரு பிளேட் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்தபோது ஈயத்தையும் அஜினமோட்டோவையும் பற்றி ஊரே பேசியது. உப்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் இதே கேள்வியை ஊறுகாயிடமும் அப்பளத்திடமும் கேட்டாக வேண்டும். அங்கே பண்பாடு வந்து வாயைக் கட்டிவிடுகிறது.

அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பாட்டியின் கைமணம் சரி, அந்தக் கை எத்தனை மணிக்கு ஓய்ந்தது?

அந்தப் பையனின் வண்டியில் பார்சலுக்கு நின்றிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அளத்தில் வேலை. வீட்டில் சமைக்கவில்லையா என்று யதார்த்தமாகத்தான் கேட்டேன். "காத்தால நாலு மணிக்கு எழுந்து அளத்துக்குப் போறேன் சார். வெயில் ஏறதுக்குள்ள வாரிப் போடணும். ராவுல வந்து இன்னொரு வாட்டி அடுப்பு பத்த வெக்கணுமா?" என்றார். வாரத்தில் ஒருநாள், கூலி வாங்கும் நாளில், இரண்டு பார்சல். பேரப்பிள்ளைகளுக்கும் அவருக்கும். ஏன் இந்த வண்டி என்று கேட்டதற்கு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "முனையில இருக்கற வண்டில உப்பு கரிக்கும். நாள் பூரா உப்புலயே நிக்கறவளுக்கு வாய்லயும் உப்பா?"

நான் பத்தி பத்தியாக எழுதியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். காலில் உப்பு அரித்த வெடிப்போடு நிற்கிறவருக்கு எது அளவு என்று தெரிந்திருக்கிறது. நூடுல்ஸ் அவருக்குப் பண்பாட்டுச் சீரழிவும் இல்லை, வேற லெவலும் இல்லை. வாரத்தில் ஓர் இரவு அடுப்பு எரியாமல் கிடைக்கும் நல்ல சாப்பாடு. அந்த ஓர் இரவையும் கரிக்கிற உப்பால் கெடுப்பவரை விமர்சிக்க வேண்டும். அதைச் சரியாகக் கொடுப்பவரைப் பாராட்ட வேண்டும். அந்த இரவே வேண்டாம் என்பவரிடம் பேச ஒன்றுமில்லை. ஐப்பசி மழை இறங்கினால் அளம் மூழ்கும், கூலி நிற்கும், பார்சலும் நிற்கும். வண்டிக்காரப் பையனும் அந்த மாதங்களில் புதுச்சேரிப் பக்கம் வேலைக்குப் போய்விடுவதாகச் சொன்னான்.

ஆகவே, இனி அந்த வழியே போகிற பாணருக்கு: உப்புக் காலத்தில் போங்கள். இருட்டிய பிறகு, கூட்டம் சேர்வதற்கு முன். முட்டை நூடுல்ஸ் சொல்லுங்கள், ஒரு பிளேட்டாகப் போடச் சொல்லுங்கள். வாணலிக்குப் பக்கத்தில் உப்பு டப்பா திறந்திருந்தால் அடுத்த வண்டிக்கு நடங்கள்.