கதாநாயகனைக் கொல்லலாமோ?

2006-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் நகரத்தில் ஒரு விநோதமான மனு சமர்ப்பிக்கப்பட்டது. மனுதாரர் இருவர்: ஸ்டீபன் கிங், ஜான் இர்விங். இருவரும் அமெரிக்காவில் பேர்பெற்ற நாவலாசிரியர்கள். தம் சொந்தக் கதைகளில் எத்தனையோ உயிர்களைக் கை கூசாது பலியிட்டவர்கள். தர்மத்துக்காக நடைபெற்ற ஒரு வாசிப்பு நிகழ்ச்சிக்கு அவர்களோடு வந்திருந்த ஜே. கே. ரௌலிங் என்னும் ஆங்கிலப் பெண்மணியிடம், ஹாரி பாட்டர் என்னும் சிறுவனைக் கொன்றுவிட வேண்டாமென்று அவர்கள் பத்திரிகைக்காரர் முன்னிலையில் கேட்டுக்கொண்டார்கள். கொலைக் கதை எழுதிப் பழகிய கைகள் உயிர்ப்பிச்சை கேட்டதைக் கண்டு உலகம் நகைத்தது. ஆயினும் விஷயம் நகைப்புக்குரியதன்று என்பது நமது அபிப்பிராயம்.

ஹாரி பாட்டர், மந்திர வித்தை கற்பிக்கும் பள்ளியொன்றில் பயிலும் தாய் தந்தையற்ற பிள்ளை. அவனைப் பற்றிய முதற் புத்தகம் 1997-ல் வெளிவந்தது. ஏழாவதும் இறுதியுமான புத்தகம் 2007 ஜூலை 21-ல் வெளிவந்தது. பத்து வயதில் முதற் புத்தகத்தைப் பிரித்த குழந்தை, கடைசிப் புத்தகத்தை மூடும்போது இருபது வயது வாலிபனாகிவிட்டான். இவ்வாறு பத்தாண்டு உடன் வளர்ந்த தோழனை, எழுதியவர் என்ற ஒரே உரிமையைக் கொண்டு ஆசிரியர் மாய்த்துவிடலாமோ?

கொல்லவே கூடாதென்று சொல்வோர் பலர். பிஞ்சு நெஞ்சம் நோகும் என்பது அவர்கள் வாதம். அபிமன்யு மடிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவரிடம் இவ்வாதம் செல்லாது. சாவு குழந்தைக்குப் புதிதன்று. தகப்பனைப் பறிகொடுத்த வீட்டிலும் குழந்தை இருக்கிறது. தங்கையைப் பறிகொடுத்த வீட்டிலும் இருக்கிறது. அக்குழந்தையிடமிருந்து சாவை ஒளிப்பது, பசித்தவனிடமிருந்து சோற்றுப் பானையை ஒளிப்பது போலாகும். இருப்பது அவனுக்குத் தெரியும், எட்டாததுதான் துன்பம்.

கொல்லுவதற்கு ஆசிரியர்கள் கூறும் காரணங்களோ இவ்வாதத்தினும் மோசமானவை. தாம் போன பிறகு வேறு எவரும் தம் நாயகனை எடுத்து எழுதிவிடாதபடி அவனை முடித்துவிடும் ஆசிரியரின் மனோபாவம் தமக்குப் புரிகிறதென்று, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ரௌலிங் அம்மையார் கூறியிருந்தார். நாளைக்கு மருமகன் கொடுமை செய்வானோ என்றஞ்சி இன்றைக்கே மகளைக் கிணற்றில் தள்ளும் தகப்பனை நாம் என்னவென்று அழைப்போம்? நல்லவேளையாக, புரிகிறதென்றாரே ஒழிய அம்மையார் அதைச் செய்யவில்லை.

சலிப்பினால் கொல்வது மற்றொரு வகை. கானன் டாயில், துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸை 1893 டிசம்பரில் சுவிட்ஸர்லாந்து தேசத்து அருவியொன்றில் தள்ளினார். தமது சரித்திர நாவல்களே மேலானவை என்றும், ஹோம்ஸ் அவற்றுக்கு இடையூறு என்றும் அவர் எண்ணினார். வாசகர் கொதித்தனர், 1903-ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினான். நியூயார்க்கில் ஸ்டீபன் கிங் நினைவூட்டியதும் இவ்வருவியையே. அது சிறார் கதையன்று. ஆயினும் அதிலே நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அருவிக் கரையில் நண்பன் வாட்ஸன் தனியே நிற்கிறான். பாறையில் சாய்த்து வைத்த ஊன்றுகோலும், சிகரெட் பெட்டியின் அடியில் ஒரு கடிதமுமே அவனுக்கு மிச்சம். செத்தவனை விட, நிற்பவனே நம் நெஞ்சைப் பிசைகிறான். டாயில் சலிப்போடு எழுதினாலும், எஞ்சியவனை மறக்காமல் எழுதினார்.

இதனையே நாம் உரைகல்லாகக் கொள்கிறோம். யாரைக் கொன்றாய் என்று ஆசிரியரை நாம் கேட்கவில்லை. எஞ்சியவனை என் செய்தாய் என்றே கேட்கிறோம்.

இவ்வுரைகல்லில் ரௌலிங் அம்மையார் பாதி தேறுகிறார், பாதி தவறுகிறார். ஏழாம் புத்தகத்தில் டாபி என்றொரு சிறு பூதம், அடிமைத்தளையினின்று விடுபட்ட ஏழைப் பிராணி, ஹாரியைக் காக்க வந்து உயிர் விடுகிறது. ஹாரி மந்திரக்கோலை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டி பிடித்துத் தன் கையாலேயே குழி வெட்டுகிறான். ஒரு நொடியில் முடிக்கத்தக்க வேலையை வியர்வை சிந்திச் செய்கிறான். துக்கம் என்பதைக் குழந்தைக்கு இதனினும் நேராகச் சொல்லிய இடம் இக்காலத்துச் சிறார் நூல்களிலே நாம் கண்டதில்லை. அதே புத்தகத்தின் இறுதிப் போரிலோ, லூப்பின் என்ற ஆசானும் அவர் மனைவியும் நம் கண்ணுக்கு மறைவாக மடிகிறார்கள். வரிசையாகக் கிடத்திய சடலங்களிடையேதான் அவர்களைக் காண்கிறோம். முன்னொரு புத்தகத்தில் வேறொரு தகப்பனைக் கொல்ல எண்ணிப் பிழைக்க விட்டதாகவும், ஹாரியைப் போல ஓர் அனாதைக் குழந்தை மிஞ்சவேண்டுமென்று இவ்விருவரைக் கொன்றதாகவும் ஆசிரியரே பிற்பாடு கூறினார். ஆகட்டும், அந்தக் குழந்தை எங்கே? தந்தையின் நிழலுரு அவனைக் குறித்து இரண்டொரு வார்த்தை வருந்துகிறது. முடிவுரையில் பிறர் அவனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவனோ நம் எதிரில் வருவதேயில்லை. பொருத்தம் காட்டவே பிறந்த அனாதை அவன்.

ஹாரி தானே சாவை நோக்கிக் காட்டுக்குள் நடந்து சென்றும் உயிர் மீள்கிறானே, அது ஏமாற்றன்றோ என்று கேட்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவனைக் கடைசி அத்தியாயத்தில் கொன்றிருந்தால், அவன் தோழர் இருவரின் துக்கத்துக்குப் பக்கம் ஏது? எட்டாவது புத்தகம் எழுத மனமில்லாதவர் ஏழாவதன் முடிவிலே கொல்லாது விட்டது நியாயமே.

முற்றும் தவறியவர் சி. எஸ். லூயிஸ். அவருடைய நார்னியாக் கதைகள் ஏழு, 1950 முதல் 1956 வரை வெளிவந்தவை. அலமாரி வழியே மாய நாட்டுக்குள் புகும் நான்கு உடன்பிறந்தார் கதையில் ஈடுபடாத ஆங்கிலக் குழந்தை அரிது. கடைசிப் புத்தகத்தில் பீட்டர், எட்மண்டு, லூசி மூவரும், அவர் தோழர்களும், தாய் தந்தையரும் ஒரே ரயில் விபத்தில் மாண்டு போகிறார்கள். மாண்டதைத் துயரமென்று சொல்லாமல், பள்ளி முடிந்து விடுமுறை பிறந்தாற் போலக் கொண்டாடச் சொல்கிறார் ஆசிரியர். மறுமையை நம்புவது அவர் சுதந்திரம். அதை நாம் இங்கே தர்க்கிக்கவில்லை. ஆனால் நால்வரில் ஒருத்தி மீதி. சூஸன் அந்த ரயிலில் இல்லை. உதட்டுச் சாயம், காலுறை, விருந்தழைப்பு ஆகியவற்றில் நாட்டம் கொண்டு நார்னியாவை அவள் மறந்தாளாம். ஆதலால் அவளைப் பற்றி அண்ணனும் தோழர்களுமே சுருக்கமாகப் பேசி ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே நாளில் தாய், தந்தை, அண்ணன், தம்பி, தங்கை அனைவரையும் இழந்த பெண்ணுக்கு ஆசிரியர் வைத்திருப்பது நாலைந்து வரிக் கண்டனம்! வாலிபப் பெண் தன்னை அலங்கரித்துக்கொள்வது அத்தனை பெரிய குற்றமோ?

சூஸன் என்ன ஆனாள் என்று குழந்தைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவள் உயிரோடிருக்கிறாள், திருந்தி வரக் காலமிருக்கிறது என்று 1957-ல் ஒரு சிறுவனுக்கு அவர் பதில் எழுதினார். அவள் திருந்துவதைப் பற்றிச் சொன்னாரே ஒழிய, அவள் அழுததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டில் சாவு கண்ட குழந்தை இப்புத்தகத்தைப் படித்தால் யாரோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும்? களித்துத் துள்ளும் இறந்தவர்களோடா? இல்லை, அது சூஸனோடு வெளியே நிற்கும். நீல் கெய்மன் என்பவர் 2004-ல் இவள் பெயராலேயே ஒரு சிறுகதை எழுதி, லூயிஸ் விட்ட இடத்தை நிரப்ப வேண்டியதாயிற்று.

சுவீடன் தேசத்து ஆஸ்டிரிட் லிண்ட்கிரென் அம்மையார் 1973-ல் வெளியிட்ட 'சிங்கநெஞ்சச் சகோதரர்கள்' ஒரே நூல், வரிசையன்று. எனினும் ஒப்பிட்டே ஆகவேண்டும். நோயாளித் தம்பியை முதுகில் சுமந்தபடி, எரியும் வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து அண்ணன் சாகிறான். அவ்வளவில் ஆசிரியர் அவன் பின்னே ஓடிவிடவில்லை. சமையலறைப் படுக்கையில் தனித்துக் கிடக்கும் தம்பியின் பக்கத்திலேயே இருக்கிறார். கதையைச் சொல்பவனும் அவனே. தானும் இறந்து மறு உலகில் அண்ணனைச் சேர்ந்த பிறகு, இறுதியில் டிராகனின் நெருப்பால் உடல் முடங்கிய அண்ணனைத் தம்பி முதுகில் ஏற்றிக்கொண்டு பாதாளத்தில் குதிக்கிறான். சாவைக் குழந்தைகளுக்கு இனிப்பாக்குகிறார் என்று சிலர் அப்போது ஆட்சேபித்தனர். நமக்கு அந்த ஆட்சேபணை முழுதும் தள்ளத்தக்கதாகத் தோன்றவில்லை. ஆனால் பயந்த பிள்ளை தன்னைச் சுமந்தவனைச் சுமக்கத் துணிவதற்கு ஒரு புத்தகம் முழுவதும் தேவைப்பட்டது. ஆசிரியர் அதைக் கொடுத்தார்.

இரண்டு பிள்ளைகளையும் இழந்து, பிறர் துணியைத் தைத்துப் பிழைக்கும் அவர்கள் தாய் மட்டும் அந்த வீட்டில் தனியே இருக்கிறாள். அவளிடம் கதை திரும்பவேயில்லை.