மூணு ஆட்டின் என்றார் எதிராளி, ஆறு இஸ்பேட் என்றேன் நான்!

சீட்டாட்டத்தில் எத்தனையோ சந்தோஷம் உண்டு. ஆனால் எதிராளி ப்ரீஎம்ப்ட் கேட்டு நம் வாயை அடைக்கப் பார்க்கும்போது, அதையும் மீறி ஸ்லாம், அதாவது 13 பிடியில் 12, கேட்டு, கேட்டபடியே 12 பிடியையும் எடுத்துக் காட்டுகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடு இணையே கிடையாது! 1925-இல் ஹரால்ட் வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தில் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை வகுத்தாரே, அந்த மனிதரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். கேட்டு எடுத்தால்தான் ஸ்லாம் போனஸ். கேட்காமல் பதின்மூன்று பிடி எடுத்தாலும் அந்த போனஸ் வராது. இந்த ஒரு விதிதான் ஏலத்தையே நெஞ்சு படபடக்கும் விஷயமாக்கிவிட்டது!

ப்ரீஎம்ப்ட் என்றால் என்ன? கையில் பலம் கிடையாது, ஆனால் ஒரே இனத்தில் ஏழு சீட்டு நீளமாக இருக்கிறது. உடனே ஒன்று, இரண்டு எல்லாம் தாண்டி நேராக மூன்றில் ஏலத்தைத் தொடங்கிவிடுவார்கள். நாம் நிதானமாகப் பேசிக்கொள்ள வேண்டிய இடத்தை எல்லாம் ஒரே வாயில் விழுங்கிவிடுவார்கள். பலம் நம் பக்கம், பேசத்தான் இடமில்லை!

இப்போது இதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். குழுப் போட்டி, நாங்கள் வல்னரபிள், அதாவது போனஸும் அபராதமும் எங்களுக்கு அதிகம். கையை விரிக்கிறேன்: இஸ்பேடில் ராஜா, ராணி, பத்து, ஏழு, மூணு, ஆட்டினில் வெறும் ஆறு, ரெண்டு, டைமனில் ராஜா, அஞ்சு, கிளாவரில் ஆஸ், ஜாக்கி, ஒன்பது, நாலு. அழகான 13 பாயின்ட்! மனசு மெல்லக் கணக்குப் போடத் தொடங்குவதற்குள், இடப்பக்கத்து எதிராளி ஸ்டாப் அட்டையை டப்பென்று மேஜையில் வைத்து 'மூணு ஆட்டின்' கேட்டுவிட்டார். பார்ட்னர் சார் முறைப்படி பத்து விநாடி பொறுத்து, சிவப்பு டபுள் அட்டையை எடுத்து வைத்தார். 'எனக்கு நல்ல கை, மற்ற மூன்று இனத்திலும் சீட்டு இருக்கிறது, நீ சொல்லு' என்று அர்த்தம். வலப்பக்கத்தவர் விடுவாரா? அடுத்த கணமே 'நாலு ஆட்டின்'!

ஐயோ, அந்த நொடியை எப்படிச் சொல்வேன்! நாலு இஸ்பேட் கேட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் சீட்டுகள் என்னிடம் பேசத் தொடங்கிவிட்டன. தொடங்கியவரிடம் ஏழு ஆட்டின், ஏற்றிக் கேட்டவரிடம் அநேகமாக மூணு, என்னிடம் ரெண்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு, கட்டில் இருப்பதே பதின்மூன்றுதானே, அப்படியானால் பார்ட்னரிடம் ஒரே ஒரு ஆட்டின்! உபயோகமில்லாதது என்று நான் நினைத்த அந்த ஆறும் ரெண்டும் இனிமேல் பாரமே இல்லை, ஒன்று போகும், இன்னொன்றை டம்மியில், அதாவது மேஜையில் விரியும் பார்ட்னர் கையில், துருப்பால் வெட்டிவிடலாம்! அதைவிட முக்கியம், என்னுடைய ஒரு பாயின்ட்கூட ஆட்டினில் வீணாகவில்லை, பார்ட்னருடைய பலமும் வெளியேதான் இருக்க வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து வேலை செய்யப் போகிறது. காது சூடாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, எழுந்து கத்த வேண்டும் போலிருக்கிறது! நாலு நோ டிரம்ப் கேட்டு ஆஸ் எத்தனை என்று விசாரிக்கலாமே என்பீர்கள், 1933-இல் ஈஸ்லி பிளாக்வுட் தந்த அருமையான ஆயுதம்தான், ஆனால் இந்த ஏலத்தில் பல ஜோடிகளுக்கு அது 'என்னிடம் இரண்டு இனம் இருக்கிறது, நீயே ஒன்றைத் தேர்ந்தெடு' என்று ஆகிவிடும். ஸ்லாம் அமைந்தால் 1430, நாலோடு நின்று அதே 12 பிடி எடுத்தால் 680, வித்தியாசம் 750, அதாவது குழுப் போட்டிக் கணக்கான இம்ப்பில் 13 இம்ப் லாபம்; ஒரு பிடி குறைந்து தோற்றாலும் நஷ்டம் அதே 13 இம்ப்தான், ஆக பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே கேட்கலாம், எனக்கோ அதைவிட நிறையத் தெரிந்தது. வைத்தேன் அட்டையை: ஆறு இஸ்பேட்!

ஆட்டின் ராஜா வந்து விழுந்தது, டம்மி விரிந்தது, அடடா, கண் குளிர்ந்துபோனது! இஸ்பேடில் ஆஸ், ஜாக்கி, எட்டு, அஞ்சு. ஒற்றை ஆட்டின் அஞ்சு. டைமனில் ஆஸ், ராணி, ஏழு, நாலு. கிளாவரில் ராஜா, எட்டு, ஆறு, மூணு. முதல் பிடி அவர்களுக்கு, இரண்டாவது ஆட்டினை டம்மியில் வெட்டினேன், துருப்பு இரண்டே சுற்றில் தீர்ந்தது. டைமனில் ராஜா, ஆஸ், ராணி என்று வரிசையாக இழுத்து, ராணியில் ஒரு கிளாவரைக் கழித்து, நாலாவது டைமனை என் கையில் வெட்டினேன், அப்போது இடப்பக்கத்தவரிடம் டைமன் தீர்ந்துபோயிருந்தது! எண்ணிப் பாருங்கள், நீங்களும் என்னோடு எண்ணுங்கள்: அவரிடம் ஏழு ஆட்டின், ரெண்டு இஸ்பேட், மூணு டைமன், ஆகப் பன்னிரண்டு, மிச்சம் ஒரே ஒரு கிளாவர்! டம்மியின் கிளாவர் ராஜாவுக்குப் போனேன், அவர் போட்டது அஞ்சு, ராணி அங்கே இல்லை, அப்படியானால் வலப்பக்கம்தான், டம்மியிலிருந்து சின்னச் சீட்டு, கூசாமல் ஜாக்கி, பிடி எனக்கு, அடுத்து ஆஸ், கடைசியில் துருப்பு இரண்டும், பன்னிரண்டும் என் பக்கம்! ஊகமே இல்லை, நூற்றுக்கு நூறு நிச்சயம், அந்த நிச்சயத்தை எனக்கு அள்ளிக் கொடுத்தது யார்? ஏழு ஆட்டின் இருக்கிறது என்று ஊருக்கே தண்டோரா போட்டாரே, அவரேதான்!

"எப்படி சார் நேரா ஆறுக்குப் போனீங்க?" என்று வலப்பக்கத்தவர் கேட்டார். "நீங்க நாலு கேட்டதாலதான் சார்!" என்றேன். வீடு போய்ச் சேரும்வரை முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை, ராத்திரி படுத்தும் அந்த ஜாக்கியையே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தேன்.

பார்ட்னரிடம் வேறு கை இருந்து ஸ்லாம் கவிழ்கிற நாளும் உண்டு, உண்மைதான், போகட்டும்! பயந்து நாலில் நின்றவருக்கு இந்தச் சுகம் கிடைக்கவே கிடைக்காது. ஆகையால் பிரிட்ஜ் ஆடும் நண்பர்களே, அடுத்த முறை உங்கள் தலைக்கு மேல் யாராவது மூன்றில் தொடங்கினால் பதறாதீர்கள். அவர்களுடைய இனத்தில் பார்ட்னரிடம் எத்தனை இருக்க முடியும் என்று எண்ணுங்கள். ஒன்றோ, அதுவும் இல்லையோ என்று தெரிந்தால், உங்கள் பலம் எல்லாம் வேறு இனங்களில் இருந்தால், தயங்காமல் ஆறு கேளுங்கள்!