லியோராவின் சிகரெட்

என் கணவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவள் நான். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவில் உட்காருவேன். அட்டவணைகளைச் சரிபார்த்ததும் நான்தான். இரண்டு இடங்களில் கூட்டல் பிழை இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன். நன்றியுரையில் என்னைப் பற்றி ஒரு வரி வந்தது: என் பொறுமைக்கு நன்றி. அன்று அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து 'ஆரோஸ்மித்' படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அந்த வரி உறுத்தியது.

'ஆரோஸ்மித்' 1931இல் வந்த ஹாலிவுட் படம். சின்க்ளேர் லூயிஸ் 1925இல் எழுதிய நாவலைத் தழுவியது. அந்த நாவலுக்கு அளிக்கப்பட்ட புலிட்சர் பரிசை லூயிஸ் வாங்க மறுத்தார். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிட்னி ஹோவார்டு திரைக்கதை எழுத, ஜான் ஃபோர்டு இயக்கினார். மருத்துவர் மார்ட்டின் ஆரோஸ்மித்தாக ரொனால்ட் கோல்மனும் அவன் மனைவி லியோராவாக ஹெலன் ஹேய்ஸும் நடித்தார்கள். சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற படம் இது. பணத்துக்கும் புகழுக்கும் வளையாத ஓர் ஆய்வாளனின் கதை என்றே இதைச் சொல்வார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் பார்த்தேன்.

லியோரா முதன்முதலில் நம் கண்ணில் படும்போது, மருத்துவமனைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். செவிலியர் பயிற்சியில் இருப்பவள். சிகரெட் பிடித்ததற்கு அவளுக்குக் கிடைத்த தண்டனை அது. அவள் கூனிக் குறுகவில்லை. எதிரே நிற்கும் இளம் மருத்துவனுக்குச் சரிக்குச் சரி பதில் சொல்கிறாள். ஹேய்ஸின் குரலில் இருக்கும் குறும்பு இன்றைக்கும் பழையதாகவில்லை. இவளைச் சுற்றி ஒரு கதை நடக்கப்போகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

ஆனால் திருமணத்துக்குப் பிறகு அவள் செவிலியர் இல்லை. அதைப் பற்றி ஒரு பேச்சுகூட இல்லை. மார்ட்டின் விட்டுக்கொடுப்பவை எல்லாம் நமக்குத் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. பேராசிரியர் காட்லீப் தந்த ஆய்வு வேலையை அவன் மறுக்கிறான்; அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. அவளுடைய ஊரான தெற்கு டகோட்டாவில் சாதாரண மருத்துவனாக உட்காருகிறான். இது அவனுடைய தியாகம். அவள் விட்ட தொழில் தியாகக் கணக்கில் வரவே இல்லை. அவள் வயிற்றில் இருந்த குழந்தை தங்காமல் போகிறது, இனிப் பிள்ளை இல்லை என்றும் ஆகிறது. அந்தத் துக்கத்துக்கும் சில நிமிடங்கள்தான். பிறகு மாடுகளின் நோய்க்கு மருந்து கண்டுபிடித்த அவனை நியூயார்க்கின் மெக்கர்க் ஆய்வு நிறுவனம் அழைக்கிறது. கதை அவனோடு கிளம்பிவிடுகிறது. அவள் பெட்டி கட்டுகிறாள்.

படத்தின் மையம் மேற்கிந்தியத் தீவு ஒன்றில் பரவும் பிளேக் நோய். மார்ட்டினிடம் ஒரு மருந்து இருக்கிறது, அது வேலை செய்யுமா என்று நிரூபிக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கொடு, பாதிப் பேருக்குக் கொடுக்காதே, அப்போதுதான் உண்மை தெரியும் என்பது காட்லீப்பின் கட்டளை. செத்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கையில் இருக்கும் மருந்தை மறுக்கலாமா? கனமான கேள்விதான். பெரும்பாலான விமர்சனங்கள் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

நான் கேட்பது அதைவிட எளிய கேள்வி. பிளேக் பரவும் தீவில் யார் தேவை? செவிலியர் தேவை. நோயாளிகளைத் தொட்டுப் பழகிய கைகள் தேவை. அப்படிப்பட்ட ஒருத்தி கூடவே கப்பலேறி வந்திருக்கிறாள். அவளை ஒரு வீட்டில் விட்டுவிட்டு அவன் மட்டும் நோய் பரவிய இடத்துக்குப் போகிறான். ஆபத்து, நீ இங்கேயே இரு என்கிறான். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு அவளிடம் மிச்சமிருந்த ஒரே தொழில் அறிவையும் பூட்டி வைக்கிறது. கடைசியில் அவன் நோய்க்கு நடுவில் உயிரோடு இருக்கிறான், பாதுகாப்பு என்று விடப்பட்ட வீட்டில் அவள் சாகிறாள். கிருமி சிந்திய ஒரு சிகரெட்டை எடுத்துப் புகைக்கிறாள், அவ்வளவுதான். தனியாகக் கிடந்து செத்துப்போகிறாள்.

முதல் காட்சியில் அவள் தரை தேய்த்ததும் ஒரு சிகரெட்டுக்காக. கடைசியில் உயிர் போனதும் ஒரு சிகரெட்டால். இது தற்செயலாகவே இருக்கட்டும். ஒரு பெண்ணின் சின்னஞ்சிறு சுதந்திரம் கதையின் தொடக்கத்தில் தண்டனையாகவும் முடிவில் மரணமாகவும் வந்து நிற்பதை, பார்க்கும் பெண் எப்படிக் கவனிக்காமல் இருப்பாள்?

அந்த மரணத்துக்குப் பிறகு மார்ட்டின் சோதனையைக் கைவிட்டு எல்லோருக்கும் மருந்து கொடுக்கச் சொல்கிறான். ஆக, அவளுடைய சாவுக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது: அவன் மனதை உருக்குவது. பிறகு அவன் நிறுவனத்தை உதறிவிட்டு, நண்பன் டெர்ரி விக்கெட்டோடு தனி ஆய்வுக்கூடம் நோக்கிப் போகிறான். மிர்னா லாய் நடித்த ஜாய்ஸும் வேண்டாம் என்றாகிறது. நாவலில் அவன் ஜாய்ஸை மணந்து, பிள்ளையும் பெற்று, பிறகு இருவரையும் விட்டுப் போகிறான். இரண்டிலும் முடிவு ஒன்றே. பெண்கள் இல்லாத இடத்தில்தான் சுத்தமான அறிவியல் தொடங்குகிறது.

இந்தப் படத்தில் பெயர் மறுக்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தன் மக்களைச் சோதனைக்கு அழைத்து வருபவர் ஒலிவர் மார்ச்சண்ட் என்ற கறுப்பின மருத்துவர். ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். கிளாரன்ஸ் புரூக்ஸ் அந்தப் பாத்திரத்தைக் கண்ணியத்தோடு நடித்தார். அன்றைய ஹாலிவுட்டில் கறுப்பின நடிகர் ஒருவருக்கு இப்படியொரு வேடம் கிடைப்பது மிக அரிது. ஆனால் மருந்து யாருக்கு, மறுப்பு யாருக்கு என்ற வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கறுப்பின மக்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. படம் வெளியான மறு ஆண்டே, 1932இல், அலபாமாவின் டஸ்கிகீயில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை தன் ஆய்வைத் தொடங்கியது. 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ். நோய் என்னவென்று சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், 1972 வரை 40 ஆண்டுகள் வேடிக்கை பார்த்தார்கள். மனைவிகளுக்கும் நோய் தொற்றியது, பிள்ளைகள் நோயோடு பிறந்தார்கள். ஆய்வின் பெயரால் மௌனமாக்கப்பட்டவர்களின் வீடுகளிலும் பெண்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பெண் ஆய்வாளர் எங்கே இருந்தார் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. லூயிஸுக்கு நாவலின் அறிவியலைச் சொல்லிக்கொடுத்தவர் பால் டி குருயிஃப். அவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மெக்கர்க் நிறுவனத்தின் அச்சு அதுதான். அதே ராக்ஃபெல்லரில் லூயிஸ் பியர்ஸ் என்ற பெண் மருத்துவர் இருந்தார். தூக்க நோய்க்கான டிரிபார்சமைடு மருந்தை உருவாக்கிய குழுவில் ஒருவர். அதைச் சோதிக்க 1920இல் தனியாக பெல்ஜியன் காங்கோவுக்குப் போனார். மார்ட்டினின் பயணத்தை, நாவல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஒரு பெண் செய்து முடித்திருந்தார். காலனி ஆட்சியின் நிழலில் நடந்த அந்தச் சோதனையையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். பெண் செய்தால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் நிஜத்தில் ஆய்வுக்கூடத்தில் நின்ற பெண்ணுக்கு, கதையில் தரையும் அடுப்படியும் மட்டுமே கிடைத்தன. இந்த மாற்றத்தைச் செய்தது வரலாறு அல்ல, கற்பனை.

நாவலின் முதல் பக்கத்தில் காய்ச்சலில் கிடக்கும் தந்தையை ஏற்றிக்கொண்டு காட்டு வழியில் வண்டி ஓட்டிப்போகிறாள் 14 வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் மார்ட்டினின் பூட்டி. அவனுடைய பிடிவாதம் அவளிடமிருந்து வந்தது என்று நாவல் சொல்லாமல் சொல்கிறது. ஒரு பெண் பிடித்த கடிவாளத்தில் தொடங்கிய கதை, பெண்கள் யாருமற்ற ஆய்வுக்கூடத்தில் போய் முடிகிறது.

இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள். மார்ட்டினைப் பின்தொடர்ந்து கேமரா வெளியேறும் ஒவ்வொரு முறையும், அறைக்குள் லியோரா என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசியுங்கள். அதோடு, கையில் கிடைக்கும் ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தையும் வாசியுங்கள்.

எங்கள் வீட்டு அலமாரியில் அந்த ஆய்வேடு இன்னும் இருக்கிறது. சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். நான் கூட்டலைத் திருத்திய இரண்டு பக்கங்களின் ஓரத்திலும் பென்சிலால் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்தேன்.