ஸ்லைடில் சிக்காத ஹெர்பெஸ்

டேரியர் நோய் உள்ளவர்களைக் கோடை படாதபாடு படுத்திவிடும். வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் சொரசொரப்பான பழுப்புநிறப் பருக்கள் பெருகும், வாடை வரும், சீழ் பிடிக்கும். இது பரம்பரையாக வரும் நோய். காரணமான ஏடிபி2ஏ2 மரபணு 1999இல் அடையாளம் காணப்பட்டது. அதில் கோளாறு இருந்தால் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு சீர்குலையும். மேல்தோல் செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடிப்பு தளரும். உதட்டோரம் சின்னக் கொப்புளத்தோடு அடங்கிவிடும் ஹெர்பெஸ் வைரஸ், இந்தத் தளர்ந்த தோலில் சில நாட்களில் பரவலாகப் படர்ந்துவிடும். அம்மை போன்ற இந்தக் கொப்புளப் பரவலை 1887இல் விவரித்தவர் வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி.

ஆனால் சீழைக் கண்டதும் நினைவுக்கு வருவது பாக்டீரியாதான். ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறில்லை, இரண்டு தொற்றும் சேர்ந்தே வரலாம். அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. திடீரென்று அரிப்பை மிஞ்சும் வலி, காய்ச்சல், ஆணியால் குத்தி எடுத்ததுபோல் ஒரே அளவில் வட்ட வட்டமான புண்கள் என்று வந்தால் ஹெர்பெஸைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

அங்கே கைகொடுப்பது ட்ஸாங்க் ஸ்மியர். புதுக் கொப்புளத்தின் கூரையை நீக்கி, அடிப்பகுதியை பிளேடால் மெல்லச் சுரண்டி, ஸ்லைடில் தடவி, ஜீம்சா சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பல உட்கருக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் ராட்சத செல்கள் தெரிந்தால் ஹெர்பெஸ் குடும்பத்து வைரஸ் என்று கொள்ளலாம். செலவு குறைவு, நோயாளி காத்திருக்கும்போதே முடிவு தெரியும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வசதி எட்டாத ஊரில் இதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை.

சாதாரண ஹெர்பெஸா, அக்கியா, சின்னம்மையா என்று இந்த ஸ்லைடு பிரித்துச் சொல்லாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, 'எதுவும் இல்லை' என்று வரும் முடிவை நம்பி ஹெர்பெஸ் மருந்தை நிறுத்திவைப்பது. பொருக்கு தட்டிய புண்ணில் ராட்சத செல் சிக்குவது அரிது. அதோடு, டேரியர் தோலைச் சுரண்டினால் பிடிப்பு விட்ட உருண்டை செல்கள் எப்படியும் வரும். அவற்றைப் பார்த்து, இது பழைய நோயின் சீற்றம்தான் என்று முடிவுகட்டிவிட இடமுண்டு.

பிசிஆர் ஸ்மியரைவிடத் துல்லியமானது, சாதாரண ஹெர்பெஸின் இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டும். ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று கைகட்டிக் காத்திருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஹெர்பெஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்து பெரும்பாலும் வைரஸ் புகுந்த செல்லுக்குள்தான் செயலூக்கம் பெறுகிறது. சிறுநீரகத்தைக் கவனித்து, நீர்ச்சத்து குறையாமல் கொடுத்தால் ஆபத்து குறைவு. தாமதித்தால் வைரஸ் கண்ணின் கருவிழிவரை போகலாம். சந்தேகம் வந்த அன்றே மாத்திரையைத் தொடங்க வேண்டும். நோய் கடுமையாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து சிரை வழியாக மருந்தை ஏற்ற வேண்டும். இமையருகே புண் இருந்தால் கண் டாக்டரும் அன்றே பார்க்க வேண்டும்.

ஸ்மியருக்கு அனுப்பும் சீட்டில் நோயாளிக்கு டேரியர் நோய் இருப்பதையும், கொப்புளம் எத்தனை நாள் பழையது என்பதையும் எழுதி அனுப்பினால், ஸ்லைடைப் படிப்பவர் அந்த உருண்டை செல்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று அறிந்து படிப்பார்.