துல்லியமும் துப்பும்

வீட்டு வீடியோவுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்குப் பழக்கம் இருக்கிறது. படத்துக்கு இத்தனை நட்சத்திரம், பிம்பத்துக்கு இத்தனை, ஒலிக்கு இத்தனை, கூடச் சேர்த்திருக்கும் உபரிகளுக்கு இத்தனை என்று பத்தி பிரித்துப் போட்டுக் கடைசியில் கூட்டிக் காட்டிவிடுகிறார்கள். பாங்கில் வேலை பார்க்கிற எனக்குப் பத்திகளோடு விரோதம் இல்லை. ஆனால் ஒரு பத்தியில் இருக்கும் தொகைக்கும் பக்கத்துப் பத்தியில் இருக்கும் தொகைக்கும் சம்பந்தமே வேண்டாம் என்று எந்த லெட்ஜரும் சொன்னதில்லை. படம் குப்பை, பிம்பம் அபாரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போக முடிகிறதென்றால், பிம்பம் என்ற சொல்லை இவர்கள் எந்த அர்த்தத்தில் புழங்குகிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது ஒரு அமெரிக்க அனிமேஷன் படத்தையும் அதன் தொடர்ச்சியையும். ‘ஹூட்விங்க்ட்’ 2005 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் சிறிய அளவில் வெளியாகி, 2006 ஜனவரியில் பரவலாக வந்தது. ‘ஹூட்விங்க்ட் டூ! ஹூட் வெர்சஸ் ஈவில்’ 2011 ஏப்ரலில் வந்தது. முக்காட்டைக் குறிக்கும் சொல்லை உள்ளே வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டி ஏமாற்றுவதைச் சொல்கிற தலைப்பு. இரண்டும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் துப்பறியும் கதைகள். குழந்தைகள் சமாச்சாரத்துக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்கள், ‘ரஷோமான்’ (1950) பற்றி நாம் எத்தனை மாலைகள் பேசித் தீர்த்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பேச்சின் ஒரு கிளைதான் இங்கே எதிர்பாராத இடத்தில் முளைத்திருக்கிறது.

சிவப்பு முக்காடு போட்ட சிறுமி பாட்டி வீட்டுக்கு வருகிறாள். பாட்டியின் முகமூடியோடு ஓநாய் படுத்திருக்கிறது. கட்டிப்போடப்பட்ட பாட்டி அலமாரிக்குள்ளிருந்து வெளியே வந்து விழுகிறாள். கோடரியோடு மரவெட்டி ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்கிறான். எல்லோருக்கும் தெரிந்த கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். படம் இங்கே ஆரம்பிக்கிறது. போலீஸ் வருகிறது, நிக்கி ஃபிளிப்பர்ஸ் என்ற தவளைத் துப்பறிவாளர் வருகிறார், சிறுமி, ஓநாய், மரவெட்டி, பாட்டி என்று நால்வரும் வரிசையாக வாக்குமூலம் தருகிறார்கள். ஓநாய் ஒரு பத்திரிகை நிருபர். கோடரியோடு பாய்ந்தவன் நடிக்க ஆசைப்படும் ஒரு அப்பாவி. பாத்திரத்துக்காகக் காட்டில் மரம் வெட்டிப் பழகப் போனவனை ஒரு பெரிய மரம் உருண்டு துரத்தி ஜன்னல் வழியே தள்ளியிருக்கிறது. பாட்டி யாருக்கும் தெரியாமல் சாகச விளையாட்டுகளில் திளைக்கிறவள். அவளைக் கட்டியது ஓநாய் இல்லை, அவளுடைய பாராசூட் கயிறே.

அகுதாகவாவின் ‘ஒரு தோப்பில்’ (1922) கதையிலும், அதை எடுத்துக்கொண்ட குரோசவாவின் படத்திலும் சாட்சிகள் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். ஒருவர் சொல்வது நிஜமென்றால் மற்றவர் சொல்வது நிஜமாக முடியாது. நம் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) இந்த உத்தியைத் துப்பறியும் கதையாக இறக்கிக்கொண்டது. அங்கே ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சந்தேகித்துக் கதை சொல்கிறார்கள். கடைசியில் ஒரு நிஜம் நிலைநாட்டப்படுகிறது. ‘ஹூட்விங்க்ட்’ இந்த இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது. இந்த நால்வரில் யாருமே நடந்ததைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறார்கள். கிளையில் ரொக்கம் குறைந்த நாளில் எல்லோரிடமும் எழுத்துமூலம் விளக்கம் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அத்தனை விளக்கங்களும் உண்மையாகவே இருக்கும், ரொக்கமும் குறைவாகவே இருக்கும். உண்மை என்று ஒன்று கிடையாது என்று சொல்வதைவிட, உண்மை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது என்று சொல்வது கடினமான காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலாவதைச் சொல்ல ஒரு தத்துவப் பாவனை போதும். இரண்டாவதைச் சொல்ல ஒவ்வொரு காட்சியும் நான்கு பக்கத்திலிருந்தும் பொருந்த வேண்டும்.

குற்றவாளி ஒரு முயல். பெயர் போயிங்கோ. தவளைத் துப்பறிவாளர் அதைக் கண்டுபிடிக்கும் விதம்தான் படத்தின் உயிர். நான்கு வாக்குமூலங்களிலும் அது இருந்திருக்கிறது. சிறுமியோடு ரோப் காரில் கூடவே வந்த நல்ல பிள்ளை, மற்றக் கதைகளின் ஓரங்களிலும் தென்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் அதைச் சந்தேகித்துச் சொல்லவில்லை, யாரும் அதை மறைக்கவும் இல்லை. நாமும் பார்த்தோம். பார்த்தும் பார்க்கவில்லை.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தெருவோரக் கடையில் வாங்கிய விசிடியில். விசிடி என்பது 352க்கு 288 புள்ளிகள். வேகமான அசைவு வந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும். முயல் ஏறக்குறைய ஒரு வெள்ளைத் தீற்றல், இரண்டு காதுகள். அப்படியும் தவளை முடிச்சை அவிழ்த்தபோது, ஆமாம், அது அங்கே இருந்தது, நான் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடிந்தது. முயலைப் படம் மனசில் பதித்திருந்தது மயிர்க்காலைக் கொண்டல்ல. அது நின்ற இடத்தைக் கொண்டு. பிம்பம் என்று நான் சொல்வது இதை.

முதல் படத்தின் பிம்பம் எந்த அளவுகோலிலும் ஏழ்மையானது என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன். பெரிய ஸ்டூடியோக்களின் பணமில்லாமல் மாரிஸ் கன்பார் என்ற தனி மனிதரின் முதலீட்டில், சுமார் 80 லட்சம் டாலரில், மணிலாவில் வேலை வாங்கி முடித்த படம். கம்ப்யூட்டர் அனிமேஷனில் இது ஆச்சரியப்படும்படி சின்னத் தொகை. முகங்களில் பிளாஸ்டிக் பளபளப்பு. துணி துணியாக விழவில்லை. இலைகள் காகிதம். ஏழ்மையே அழகு என்று பாடுவதற்கு நான் வரவில்லை. அது நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு எளிதில் தொற்றும் வியாதி. அச்சுப்பிழை மலிந்த பக்கங்களைத் தீவிரத்தின் அடையாளம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பிழை பிழைதான். ஆனால் இந்தப் படத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. நான்கு வாக்குமூலம் என்ற உருவம் அதே காட்டை, அதே வீட்டை, அதே சம்பவத்தை வேறு கோணத்தில் திரும்பவும் காட்டச் சொல்கிறது. ஒரு தடவை கட்டியதை நான்கு தடவை உபயோகிக்கலாம். சிக்கனத்துக்காக இந்த உருவத்தைத் தேடினார்களா, உருவம் கிடைத்ததால் சிக்கனம் சாத்தியமானதா என்பதல்ல என் கேள்வி. படத்தில் இரண்டும் ஒன்றாகியிருக்கின்றன. நாலாவது தடவை அந்த ஜன்னல் உடையும்போது அது வெறும் மறுஒளிபரப்பு இல்லை. அதே ஜன்னல், வேறு அர்த்தம்.

படம் உலகம் முழுவதும் சுமார் 11 கோடி டாலர் வசூலித்தது. தொடர்ச்சி வராமல் இருக்குமா? முதல் படத்தின் இயக்குநர்களான கோரி எட்வர்ட்ஸ், டாட் எட்வர்ட்ஸ், டோனி லீச் மூவரும் இந்தத் தடவை எழுத்தில் மட்டும். இயக்கியவர் மைக் டிசா. 2009இல் தயாரிப்பாளர் தரப்பு விநியோக நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. 2010 ஜனவரியில் வரவேண்டிய படம் 2011 ஏப்ரலில் வந்தது, தியேட்டர்களில் முப்பரிமாணத்திலும். செலவு சுமார் 3 கோடி டாலர், வசூல் சுமார் 2.3 கோடி. சிறுமியின் குரல் ஆன் ஹாத்தவேயிடமிருந்து ஹேடன் பனட்டியருக்குப் போனது. குரல் மாற்றத்தை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன்.

மும்பையில் வேலைக்கூடம் வைத்திருந்த பிராணா ஸ்டூடியோஸின் கைவேலை இதில் இருக்கிறது. டிஸ்னியின் ‘டிங்கர் பெல்’ (2008) படத்துக்கும் உழைத்தவர்கள். இவர்கள் தந்த மேம்பாடு கண்ணால் பார்க்கக் கூடியது. சிறுமியின் தலைமயிர் மயிராக இருக்கிறது. முக்காடு துணியாக மடிகிறது. வெளிச்சத்துக்குத் திசை உண்டு. ஒரு நண்பர் கொடுத்த புளூ-ரேயில் இதை முழு 1080 வரிகளில் பார்த்தேன். நிறம் சொட்டுகிறது, விளிம்புகள் வெட்டியதுபோல் நிற்கின்றன.

ஆனால் இந்தத் துலக்கத்துக்காக டிஸ்க்கைப் பாராட்டுவது எனக்கு விநோதமாகப் படுகிறது. பிலிமில் எடுத்த படம் டிஸ்க்குக்கு வருவது ஒரு பயணம். கீறல், தூசி, வெளிறிப்போன சாயம், பல பிரதிகள் எடுத்ததில் மழுங்கிய கருமை எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து சரி செய்ய வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்த படத்துக்குக் காமிராவும் இல்லை, பிலிமும் இல்லை, கீறலும் இல்லை. அமுக்கிச் சிறிதாக்கும்போது கெடுக்காமல் இருந்தால் போதும். கெடுக்காததற்கு நாலரை நட்சத்திரம். ‘ரஷோமான்’ 2008இல் பழுது பார்க்கப்பட்டது இதற்கு நேர் எதிரான விஷயம். கசுவோ மியாகவா கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பி அந்தக் காட்டுக்குள் பாய்ச்சியிருந்தார். காமிராவை நேரே சூரியனுக்கு உயர்த்தினார். முகங்களின்மேல் இலை நிழல் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிழல்தான் அந்தப் படத்தின் சந்தேகம். மோசமான பிரதியில் அது வெறும் அழுக்காகிவிடுகிறது, சந்தேகத்தில் ஒரு பங்கும் கூடவே போய்விடுகிறது. அங்கே பிம்பத்தின் தரத்தைப் பேசுகிறவன் படத்தைத்தான் பேசுகிறான். தனிப் பத்தி தேவைப்படாது.

இந்தத் தொடர்ச்சியில் அப்படிப் பேச ஒன்றுமில்லை. ஹான்சலும் கிரெட்டலும் ஒரு சூனியக்காரியிடம் சிக்கியிருக்கிறார்கள்; மீட்கப் போன பாட்டியும் பிடிபடுகிறாள்; தூரத்தில் பயிற்சியிலிருந்த சிறுமி திரும்பி வந்து ஓநாயோடு சண்டை போட்டுச் சேர்கிறாள். எல்லாம் ஒரே நேர்கோடு. வாக்குமூலம் இல்லை, விசாரணை இல்லை. ஒரு சம்பவமும் இரண்டாம் முறை பார்க்கப்படுவதில்லை. நாலு மடங்கு பணம் வந்ததும் காட்டை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள், ராட்சதன் வருகிறான், புதுப்புது இடம், புதுப்புதுப் பட்டாசு. எதையும் திரும்பிப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமல் போனதே இதன் துரதிர்ஷ்டம் என்பேன். தவளை இதிலும் இருக்கிறார், மேலதிகாரியாக. அவர் துப்பறிவதில்லை, உத்தரவு போடுகிறார்.

இத்தனைக்கும் நடுவே தொடர்ச்சியிடம் ஒரு உண்மையான கற்பனை இருந்தது. சிறைப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த இரண்டு குழந்தைகளே குற்றவாளிகள். காப்பாற்றப்பட வேண்டியவர்கள் என்று கதை மரபு நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களிடமே சதி இருக்கிறது. ஓநாய் நிருபரானதைவிட இது துணிச்சலான தலைகீழாக்கம். ஆனால் துப்பறியும் கதையில் திருப்பம் என்பது பின்னோக்கி வேலை செய்ய வேண்டும். தெரிந்த நிமிஷத்தில் இதுவரை பார்த்ததெல்லாம் மனசுக்குள் இடம் மாறி உட்கார வேண்டும். முயல் விஷயத்தில் அது நடந்தது. இங்கே குழந்தைகள் முகத்தைக் கொஞ்சம் கோணலாக்கிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள், பாட்டியின் ரகசியப் பட்சணத்தைத் தின்று ராட்சதர்களாக வளர்கிறார்கள், நகரம் நொறுங்குகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் அங்கே எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. நான் புளூ-ரேயில் முதல் அரை மணியைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன், இத்தனை துல்லியத்தில் ஏதாவது ஒரு தடயமாவது தென்படும் என்று. தலைமயிர் தெரிகிறது. துணியின் நெசவு தெரிகிறது. தடயம் இல்லை.

முதல் படத்தின் முயலும் தொடர்ச்சியில் வருகிறது. இப்போது அது கைதி. ‘சைலன்ஸ் ஆஃப் த லாம்ஸ்’ (1991) பாணியில் அதைச் சிறைக்குப் போய்ப் பார்த்துப் பேசுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்திராத குழந்தைக்கு இது என்னவென்றே புரியாது. பார்த்த பெரியவர்களுக்கு அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம். அவ்வளவுதான். நான்கு கதைகளின் ஓரத்தில் யாருக்கும் உறுத்தாமல் நின்ற முயல் இங்கே சட்டத்தின் நட்டநடுவில், வெளிச்சம் போட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை நிறுத்திவைத்துப் பார்த்தால் அதன் காதுக்குள் இருக்கும் ரோமம்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது.