கொமோராவில் ஒரு நீதிமான்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஆட்டிப் படைக்கும் குற்றக் கும்பல்களுக்குக் 'கமோரா' என்று பெயர். அப்பெயரின் ஒலியோடு விவிலியத்தின் அழிந்த நகரை இணைத்து, ரொபெர்த்தோ சவியானோ 2006-இல் வெளியிட்ட நூல் 'கொமோரா'. கொலை மிரட்டலுக்கு ஆளான ஆசிரியர், அவ்வாண்டு முதல் காவலர் பாதுகாப்பில் வாழ்கிறார்.

குற்றவாளிகளை அரக்கர்களாகக் காட்டாமல் வணிகர்களாகக் காட்டியதே நூலின் வலிமை. அவர்கள் தம் கூட்டத்தைக் கமோரா என்பதில்லை. 'அமைப்பு' என்றே சொல்வர். லிச்சார்தி, கொந்தீனி, மல்லார்தோ ஆகிய குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, நகரின் வடபகுதியான செக்கொந்தில்யானோவின் பெயரால் கூட்டணி அமைத்ததும் இந்த வணிக அறிவாலேயே. போதைப்பொருளும் போலி ஆடைகளும் கட்டட ஒப்பந்தங்களும் விளைநிலத்தில் புதைக்கப்படும் நச்சுக் கழிவும் கமோராவின் கணக்கேட்டில் வெறும் வரவினங்களே.

ஆயினும், நூலின் தலைப்போடு நமக்கு உடன்பாடில்லை. சோதோமில் பத்து நீதிமான்கள் இருந்தால் அழிப்பதில்லை என்று ஆபிரகாமுக்கு ஆண்டவர் வாக்களித்தார். அங்கே பத்துப் பேர் கிடைக்கவில்லை. சவியானோவின் நூலிலோ, நீதிமான் ஒருவர் தெளிவாகவே நிற்கிறார்.

அவர் கசல் தி பிரின்சிபே ஊரின் பங்குத்தந்தை ஜுசெப்பே தியானா. 1991-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, மக்கள்மீது கொண்ட அன்பினால் வாய்மூடி இருக்கப் போவதில்லை என்னும் கருத்தமைந்த மடலை, அவரும் அண்டைப் பங்குகளின் குருக்களும் வெளியிட்டனர். மறையுரைகளில் தெளிவாகப் பேசுமாறு அது குருக்களையே கேட்டுக்கொண்டது. 1994 மார்ச் 19, அவருடைய பெயர்கொண்ட புனிதர் சூசையப்பரின் திருநாள். அன்று காலைத் திருப்பலிக்கு ஆயத்தமானபோது, கோவிலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. மறையுரை மேடையில் நிற்கும் எம்மைப் போன்றோரை இப்பகுதி எளிதில் உறங்கவிடாது.

சட்டமும் தன் கடமையைச் செய்தே வருகிறது. அவ்வூர்க் கும்பலின் தலைவர்கள் பெற்ற ஆயுள் தண்டனைகளை 2010-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. செக்கொந்தில்யானோ கூட்டணியைச் சார்ந்தோர் என நூற்றுக்கும் மேற்பட்டோர்மீது 2019-இல் கைது நடவடிக்கை பாய்ந்தது. கூட்டணியின் தலைவியாகக் கருதப்பட்ட மரியா லிச்சார்தி 2021-இல் ரோமை வானூர்தி நிலையத்தில் பிடிபட்டார். ஆனால் தலைவர்களைச் சிறையிலடைக்கலாம். அச்சத்தில் பிறந்த மௌனத்தைச் சிறையிலடைக்க முடியுமா? அதை உடைக்க வேண்டியவர்கள் இறைமக்களும் அவர்தம் மேய்ப்பர்களுமே.

தீமையை நுணுகிக் கணக்கிட்ட நூலாசிரியர், தலைப்பிடும்போது அந்த ஒரு நீதிமானைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். ஆண்டவர் மறப்பதில்லை. வாசிக்கும் நம்மையும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.